ஸ்டீல் இணைப்புக்கு எந்த போல்ட்? தலையில் இருக்கும் எண் மட்டும் பதில் சொல்லாது

ஸ்டீல் கட்டமைப்பில் ஓர் இணைப்புக்கு எந்த போல்ட் போடலாம் என்று பேச்சு வந்தால், "எதற்கு வம்பு, 10.9 போட்டுவிடலாமே" என்று யாராவது ஒருவர் சொல்லிவிடுவார். 10.9 என்பது போல்ட் தலையில் பொறித்திருக்கும் வலிமைத் தரம். வலு கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற எண்ணம்தான். போல்ட் விஷயத்தில் இது பாதிகூட உண்மையில்லை. சில இணைப்புகளில் 8.8-க்குப் பதிலாக 10.9 போட்டால் கிடைக்கும் கூடுதல் பலம் நூற்றுக்கு நான்கு பங்கு. சிலவற்றில் அதுவும் கிடையாது. ஆனால் 10.9 கூடவே கொண்டுவரும் தொல்லைகள் மட்டும் ஒன்று குறையாமல் வந்து சேரும்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரணக் கட்டடச் சட்டகத்தில் பெரும்பாலான இணைப்புகளுக்கு எம்20 அளவில் (20 மி.மீ. விட்டம்) 8.8 தர போல்ட், ஸ்பானரால் நன்றாக இறுக்கியது, போதும். அதைவிட்டு விலகும் எந்தத் தேர்வும் தனக்கென்று ஒரு காரணம் காட்ட வேண்டும். அப்படிப்பட்ட காரணங்கள் உண்டு, அவற்றில் சில மிக வலுவானவை. ஆனால் "வலு அதிகம்" என்பது அந்தப் பட்டியலில் கடைசியில்தான் வரும்.

எண்கள் சொல்வது என்ன

போல்ட் தலையில் பொறித்திருக்கும் எண்ணின் முதல் பகுதியை நூறால் பெருக்கினால் அறுபடும் வலிமை மெகாபாஸ்கலில் கிடைக்கும். புள்ளிக்குப் பிறகு வருவது, அந்த வலிமையில் எத்தனை பங்கில் போல்ட் நிரந்தரமாக நீளத் தொடங்கும் என்பது. 4.6 என்றால் 400-ல் அறுபடும், 240-ல் நீளும். 8.8 என்றால் 800-ம் 640-ம். 10.9 என்றால் 1000-ம் 900-ம். கவனியுங்கள், 4.6-க்கு நீளத் தொடங்குவதற்கும் அறுவதற்கும் நடுவில் நிறைய இடம் இருக்கிறது. 10.9-க்கு அந்த இடைவெளி பத்தில் ஒரு பங்குதான்.

அமெரிக்க வழியில் ஏ307, ஏ325, ஏ490 என்று இதே மூன்று படிகள் வரும். ஏ325 ஏறத்தாழ 8.8-க்கும், ஏ490 ஏறத்தாழ 10.9-க்கும் இணை. 2015-ல் பின்னவை இரண்டையும் அவற்றின் உறவுக்கார போல்ட்களையும் எஃப்3125 என்ற ஒரே தரநிலைக்குள் கொண்டுவந்துவிட்டார்கள், ஆனாலும் பேச்சில் பழைய பெயர்களே நிற்கின்றன. இணை என்பதால் ஒன்றுக்குப் பதில் மற்றதைக் கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிட முடியாது. கட்டமைப்பு போல்ட்டுக்குத் தலை பெரிது, மரை நீளம் குறைவு. இயந்திரங்களில் போடும் சாதாரண 8.8 அறுகோண போல்ட்டுக்கு அந்த அளவுகள் வேறு.

முதல் கேள்வி: சுமை எப்படிக் கடக்கிறது?

தரத்தைத் தேர்வதற்கு முன்னால் இந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். இரண்டு தகடுகளை போல்ட் போட்டு இணைத்து, ஒன்றை இழுத்தால் மற்றதற்கு விசை போக இரண்டு வழிதான்.

முதலாவது, தகடு கொஞ்சம் நகர்ந்து துளையின் ஓரம் போல்ட்டின் தண்டில் போய் முட்டும். அதன் பிறகு போல்ட் குறுக்கே வெட்டப்படுவதைத் தாங்கி நிற்கும். இதைத்தான் பேரிங் வகை இணைப்பு என்கிறோம். எம்20 போல்ட்டுக்குத் துளை 22 மி.மீ. போடுவதால், முட்டுவதற்கு முன் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் நகர்வு இருக்கலாம். பெரும்பாலான கட்டடங்களுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. கட்டும்போதே சட்டகத்தின் எடையால் போல்ட்கள் துளையில் போய் உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது வழி, போல்ட்டைப் பெரும் விசையில் இறுக்கித் தகடுகளை ஒன்றோடொன்று அழுத்திப் பிடித்து, உராய்வாலேயே விசையைக் கடத்துவது. இரண்டு ஓரத்திலும் உள்ளங்கையால் நெருக்கிப் பிடித்து ஒரு வரிசைப் புத்தகங்களைத் தூக்குகிறோமே, அதே வேலை. போல்ட் இங்கே ஒரு கிளாம்ப் மட்டுமே, வெட்டு விசை அதன் தண்டுக்குப் போவதே இல்லை. இதற்கு உராய்வுப் பிடிப்பு இணைப்பு என்று பெயர், சைட்டில் ஃப்ரிக்ஷன் கிரிப் என்பார்கள்.

இந்த இரண்டிலும் சேராத ஒன்றும் இருக்கிறது, போல்ட்டை அதன் நீளவாக்கிலேயே இழுப்பது. தூணின் முகத்தில் எண்ட் பிளேட் (பீமின் முனையில் பற்றவைத்த தகடு) வைத்து பீமைப் பிணைக்கும்போது மேல் வரிசை போல்ட்கள் இப்படி இழுபடும். இங்கே போல்ட்டின் வலிமை நேரடியாக வேலைக்கு வரும், அதோடு தகடு நெம்புகோல் போல வளைந்து கூடுதல் இழுப்பையும் தரும். மெல்லிய எண்ட் பிளேட் போட்டுவிட்டு போல்ட்டின் தரத்தை உயர்த்துகிறவர்கள், தங்களுக்குத் தாங்களே அந்தக் கூடுதல் இழுப்பை உண்டாக்கிக்கொள்கிறார்கள்.

மூன்று தரங்களும் ஒரே அளவில்

இனி எண்கள். ஐரோப்பிய ஸ்டீல் வடிவமைப்பு விதியான யூரோகோடு 3-ன்படி, பாதுகாப்புக் கெழு 1.25 வைத்து, ஒரு எம்20 போல்ட் தாங்கக்கூடியது கிலோநியூட்டனில் இது:

| தரம் | வெட்டு, மரைப் பகுதியில் | வெட்டு, மரையில்லாத தண்டில் | நீளவாக்கு இழுவிசை |
|---|---|---|---|
| 4.6 | 47 | 60 | 71 |
| 8.8 | 94 | 121 | 141 |
| 10.9 | 98 | 151 | 176 |

மரைப் பகுதி வெட்டுக்கான எண்களைப் பாருங்கள். 4.6-லிருந்து 8.8-க்குப் போனால் பலம் இரட்டிப்பாகிறது. அங்கிருந்து 10.9-க்குப் போனால் 94 என்பது 98 ஆகிறது, அவ்வளவுதான். காரணம், வெட்டு விழும் தளம் மரை வழியே போனால் 10.9-க்கு 0.5 என்ற கெழுவையும் 8.8-க்கு 0.6 என்ற கெழுவையும் அந்த விதி தருகிறது. வலிமை கூடிய இரும்புக்கு நீண்டு கொடுக்கும் குணம் குறைவு, அதற்கான தண்டனை இது. எல்லா நாட்டு விதிகளிலும் இந்தக் குறைப்பு இல்லை, ஆகவே உங்கள் வடிவமைப்பு எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

10.9-லிருந்து முழுப் பயன் வேண்டுமென்றால் வெட்டுத் தளத்தில் மரை வராதபடி, மரையில்லாத தண்டே துளைக்குள் நிற்கும்படி நீளம் பார்த்துப் போட வேண்டும். வரைபடத்தில் இது எளிது. சைட்டில் பத்து நீளங்களில் போல்ட் பெட்டிகள் கிடக்கும்போது எது எங்கே போகும் என்று யார் பார்த்துக்கொண்டிருப்பது? அதனால்தான் பிரிட்டனில் எளிய இணைப்புகளுக்கு எம்20, 8.8, முழுக்க மரை போட்டது, 60 மி.மீ. நீளம் என்று ஒரே போல்ட்டை வழக்கமான தேர்வாகப் பரிந்துரைத்தார்கள். மரை வெட்டுத் தளத்தில் வரும் என்று வைத்தே கணக்கு, எந்தப் பெட்டியிலிருந்து எடுத்தாலும் சரியான போல்ட். இந்த அணுகுமுறை எனக்கு மிகவும் பிடிக்கும். கொஞ்சம் இரும்பை வீணாக்கிக் குழப்பத்தை ஒழிக்கிறது.

அட்டவணையில் இல்லாத இன்னொரு கணக்கும் உண்டு. போல்ட் உடையாமலே துளையின் ஓரத்தில் தகடு கிழியலாம் அல்லது நசுங்கலாம். எஸ்275 இரும்பில் (275 மெகாபாஸ்கலில் நீளத் தொடங்குவது) 6 மி.மீ. தகடு, துளையின் மையத்திலிருந்து விளிம்புக்கு 33 மி.மீ. என்றால், யூரோகோடு கணக்கில் எம்20 போல்ட் ஒன்றுக்குத் தகடு தருவது சுமார் 52 கிலோநியூட்டன். அங்கே 8.8-ன் 94-ல் பாதி சும்மா இருக்கிறது. 10.9 போட்டாலும் 52-தான். தகட்டை 10 மி.மீ. ஆக்கினால் 86. விளிம்பைக் கொஞ்சம் தள்ளினால் இன்னும் கூடும். பணத்தை எங்கே போட வேண்டும் என்பது இதிலேயே தெரிகிறது.

அப்புறம், தரத்தை உயர்த்துவதற்குப் பதில் அளவை உயர்த்தலாம் என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. எம்24 அளவில் 8.8 போட்டால் மரைப் பகுதி வெட்டில் 136, இழுவிசையில் 203. இரண்டிலும் எம்20 10.9-ஐ முந்திவிடுகிறது. விலை என்னவென்றால், துளை 26 மி.மீ. ஆகும், இடைவெளியும் விளிம்புத் தூரமும் கூடும், மெல்லிய உறுப்புகளில் துளை தின்னும் பரப்பு உறுத்தும். இடம் இருந்தால் நான் எப்போதும் இந்த வழியைத்தான் முதலில் பார்ப்பேன். இடம் இல்லாத, நெருக்கமான எண்ட் பிளேட்டுகளில் 10.9-க்கு நியாயம் இருக்கிறது.

4.6-ஐ முழுக்க ஒதுக்கிவிட வேண்டாம். கூரைத் தகட்டைத் தாங்கும் பர்லின், கைப்பிடி, நடைபாதைத் தகடு, கட்டும்போது தற்காலிகமாகப் பிடித்துவைப்பது போன்றவற்றுக்கு அது போதும். அஸ்திவார போல்ட்களிலும் அந்த மென்மையான இரும்பு விரும்பப்படுகிறது, நீண்டு கொடுக்கும் என்பதால். ஆனால் ஒரே அளவில் 4.6-ம் 8.8-ம் ஒரே வேலையிடத்தில் கிடந்தால் என்றாவது ஒருநாள் மாறிப்போகும். எம்16-க்கு மேல் 4.6 வாங்காமல் இருப்பது ஒரு நல்ல தடுப்பு.

உராய்வுப் பிடிப்பு எப்போது தேவை?

இறுக்கி முன்னிழுப்பு (சுமை வரும் முன்பே போல்ட்டில் ஏற்றிவைக்கும் இழுவிசை) கொடுத்த போல்ட் என்றாலே உயர்ந்தது என்ற ஒரு நினைப்பு இருக்கிறது. கணக்கு வேறு கதை சொல்கிறது. எம்20 8.8 போல்ட்டுக்குக் கொடுக்க வேண்டிய முன்னிழுப்பு 137 கிலோநியூட்டன், அதாவது அறுபடும் விசையில் 70 சதவீதம். மணல் வீசி நன்றாகச் சுத்தம் செய்த தகடுகளுக்கு உராய்வு எண் 0.5 என்று எடுத்தால், ஒரு போல்ட் கடத்தும் விசை 55. உருட்டாலையிலிருந்து வந்தபடியே விட்ட தகடுக்கு உராய்வு எண் 0.2, அப்போது வெறும் 22. இதே போல்ட் பேரிங் வகையில் 94 தாங்கியது.

370 கிலோநியூட்டன் கடக்க வேண்டிய ஒரு பிளேட்டை வைத்துப் பாருங்கள். பேரிங் என்றால் 4 போல்ட். உராய்வுப் பிடிப்பு, நல்ல பரப்பு என்றால் 7. சுத்தம் செய்யாத பரப்பு என்றால் 17. போல்ட் எண்ணிக்கை மட்டுமல்ல, பிளேட்டின் அளவு, துளை வேலை, இறுக்கும் நேரம், சோதிக்கும் ஆள், பரப்புகளைப் பெயிண்ட் படாமல் காப்பது எல்லாம் சேர்ந்து ஏறும். ஒரு பெயிண்டர் நல்ல எண்ணத்தில் தொடு பரப்புகளுக்கும் ஒரு கோட்டிங் அடித்துவிட்டால், வடிவமைப்பில் வைத்த 0.5 காற்றில் போய்விடும்.

அதனால் இது யாருக்கு வேண்டும் என்று தெளிவாக இருப்பது நல்லது. பாலம், கிரேன் கேர்டர் போன்ற இடங்களில் விசை திரும்பத் திரும்ப ஏறி இறங்குகிறது, அங்கே களைப்பு முறிவு பயம் உண்டு. விசை முன்னும் பின்னும் திசை மாறினால் போல்ட் துளைக்குள் ஆடி ஆடித் துளையைத் தேய்க்கும். பெரிதாக்கிய துளை, விசையின் திசையிலேயே நீண்ட துளை இருந்தால் பேரிங்கை நம்ப முடியாது, தகடு முட்டும் வரை ரொம்ப தூரம் ஓடிவிடும். வெல்டிங்கும் போல்ட்டும் ஒரே விசையைப் பகிர வேண்டும் என்றால், போல்ட் நகர்ந்து முட்டும் முன்பே வெல்டு முழுச் சுமையையும் ஏற்றுக்கொண்டுவிடும், அங்கேயும் வழுக்காத இணைப்பு வேண்டும். சின்ன நகர்வுகூடக் கட்டமைப்பின் வடிவத்தையோ இயந்திரத்தின் ஒழுங்கையோ கெடுக்கும் இடங்களும் இதில் சேரும்.

காற்று வீசும் திசை மாறுகிறதே, பிரேசிங்குக்கெல்லாம் (சட்டகம் சாயாமல் பிடிக்கும் குறுக்குக் கம்பிகள்) உராய்வுப் பிடிப்பு வேண்டாமா என்று கேட்பவர்கள் உண்டு. காற்றுக்கும் நிலைத்தன்மைக்கும் வைக்கும் பிரேசிங்கில் சாதாரண பேரிங் வகை இணைப்பை யூரோகோடு வெளிப்படையாகவே அனுமதிக்கிறது.

உராய்வுப் பிடிப்பு உண்மையிலேயே தேவைப்படும் இடத்தில் 10.9-க்கு வாய்ப்பு கிடைக்கிறது. அதே நல்ல பரப்பில் எம்20 10.9 ஒன்று 69 கிலோநியூட்டன் கடத்தும், 7 போல்ட் 6 ஆகும். எம்24 8.8 போட்டால் 79, 5 போல்ட் போதும். இங்கேயும் அளவைக் கூட்டுவதே முந்துகிறது.

இறுக்குவது எப்படி என்பதும் ஒரு தேர்வுதான்

பேரிங் வகைக்கு இறுக்கம் பற்றிப் பெரிதாக அலட்டிக்கொள்ள வேண்டாம். தகடுகள் நெருங்கித் தொட வேண்டும், ஒரு ஆள் சாதாரண நீளமுள்ள ஸ்பானரை முழு பலத்தோடு இழுக்கும் அளவு போதும். ஆனால் முன்னிழுப்பு கொடுக்க வேண்டிய போல்ட்டுக்கு நீங்கள் எந்தத் தரம் வாங்கினீர்கள் என்பதைவிட எப்படி இறுக்கினீர்கள் என்பது முக்கியம்.

எல்லோருக்கும் தெரிந்த வழி டார்க் ரெஞ்ச். அதுதான் எளிதில் ஏமாற்றவும் கூடியது. நட்டைத் திருப்பக் கொடுக்கும் முறுக்கில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை நீட்டப் போகிறது. மிச்சம் நட்டின் அடியிலும் மரையிலும் உராய்வாகக் கரைகிறது. எம்20 8.8-க்கு முறுக்குக் கெழு (உராய்வைப் பொறுத்து மாறுவது) 0.2 என்று வைத்தால் 137 கிலோநியூட்டன் இழுப்புக்கு 548 நியூட்டன் மீட்டர் முறுக்கு வேண்டும். அதே 548-ஐ மழையில் நனைந்து துருப்பிடித்து, கெழு 0.3 ஆகிவிட்ட போல்ட்டுக்குக் கொடுத்தால் இழுப்பு 91-தான் வரும். கிரீஸ் பட்டு 0.15 ஆன போல்ட்டுக்குக் கொடுத்தால் கணக்கு 183 என்று காட்டும், நீளத் தொடங்கும் எல்லை 157-தான். ரெஞ்ச் மூன்று தடவையும் ஒரே மாதிரி 'டக்' என்று சொல்லும். அதனால் டார்க் முறையில் போவதென்றால், அன்றைய பெட்டியிலிருந்து எடுத்த போல்ட்டை இழுவிசை அளக்கும் கருவியில் போட்டு ரெஞ்சைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். ஏதோ ஒரு புத்தகத்தில் பார்த்த டார்க் அட்டவணையை வைத்து வேலையை ஓட்டக் கூடாது.

நட்டைத் திருப்பும் முறை எனக்கு நம்பகமாகத் தெரிகிறது. முதலில் ஸ்பானரால் நன்றாக இறுக்கி, நட்டிலும் போல்ட் முனையிலும் ஒரு கோடு போட்டு, அதன் பிறகு குறிப்பிட்ட பங்கு சுற்று திருப்புவது. அமெரிக்க விதிப்படி போல்ட்டின் நீளம் அதன் விட்டத்தைப் போல நான்கு மடங்குக்குள் இருந்தால் மூன்றில் ஒரு சுற்று, நான்கிலிருந்து எட்டு மடங்குக்குள் அரைச் சுற்று, பன்னிரண்டு வரை மூன்றில் இரண்டு சுற்று. இது அளப்பது நீட்டத்தை, உராய்வை அல்ல. போல்ட் நீளத் தொடங்கும் எல்லையைத் தொட்டபின் கொஞ்சம் கூடத் திருப்பினாலும் இழுவிசை பெரிதாக மாறாது, அதனால் தவறுக்கு இடம் கொடுக்கிறது. போட்ட கோட்டைப் பார்த்தே மேற்பார்வையாளர் சரிபார்க்கலாம். ஒரே நிபந்தனை, முதல் இறுக்கம் ஒழுங்காக இருக்க வேண்டும். தகடுகளுக்கு நடுவே இடைவெளி இருந்தால் நீங்கள் திருப்பியதெல்லாம் அந்த இடைவெளியை மூடவே செலவாகும். ஐரோப்பாவில் முதலில் டார்க்கில் முக்கால் பங்கு, பிறகு பங்குச் சுற்று என்று இரண்டையும் கலந்த முறையும் உண்டு.

முனை உடையும் போல்ட்கள் மூன்றாவது வழி. ட்விஸ்ட் ஆஃப் அல்லது டிசி போல்ட் என்பார்கள், ஜப்பானில் டார் ஷியர் என்று பெயர். போல்ட்டின் முனையில் பல்போட்ட ஒரு துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதற்கான மின் ரெஞ்ச் அந்தத் துண்டையும் நட்டையும் எதிரெதிராகத் திருப்பும், சரியான முறுக்கு வந்ததும் துண்டு உடைந்து விழும். ஒரே பக்கத்திலிருந்து ஒரே ஆள் செய்யலாம், வேகம், கீழே நின்று பார்த்தாலே உடைந்ததா இல்லையா என்று தெரியும். பெரிய வேலைகளில் நேரம் மிச்சமாவது நிஜம். ஆனால் இதுவும் அடிப்படையில் டார்க் முறைதான். உற்பத்தியாளர் போட்டுத்தந்த மசகு அப்படியே இருக்கும் வரைதான் அது நேர்மையாக உடையும். பெட்டியைத் திறந்து வெயிலிலும் மழையிலும் போட்டுவிட்டால், துண்டு உடைந்திருக்கும், இழுப்பு வந்திருக்காது. எண்ணெய் துடைத்துச் சுத்தமாக வைத்திருக்கிறேன் என்று பெருமையாகச் சொல்லும் ஸ்டோர்கீப்பர் இருந்தால் கொஞ்சம் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

நான்காவது, இழுவிசை காட்டும் வாஷர். அதன் முகத்தில் சிறு மேடுகள் இருக்கும். போல்ட் இறுக இறுக மேடுகள் நசுங்கும். இடைவெளியைச் சோதிக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் இடைவெளிக்குள் நுழையவில்லை என்றால் இழுப்பு வந்துவிட்டது என்று பொருள். மேடு நசுங்கும்போது வண்ண சிலிக்கான் வெளியே பிதுங்கும் வகையும் வந்துவிட்டது. உராய்வை நம்பாமல் விசையையே காட்டுகிறது என்பது இதன் சிறப்பு. வாஷரைத் தலைகீழாகப் போடும் ஆட்கள் இருக்கும் இடத்தில் அந்தச் சிறப்பு போய்விடும்.

உங்கள் குழுவுக்கு எது பழக்கமோ அதைத் தேர்ந்தெடுப்பதில் தவறில்லை. புதிய முறைக்குப் பயிற்சி கொடுக்க நேரமில்லை என்றால், உராய்வுப் பிடிப்பு வேண்டாத வகையில் இணைப்பையே மாற்றி வடிவமைக்க முடியுமா என்று பார்ப்பது அதைவிட நல்லது.

வலுவான போல்ட்டின் பலவீனம்

1000 மெகாபாஸ்கலைத் தாண்டும் கடினமான இரும்புக்கு ஹைட்ரஜன் என்றால் ஆகாது. அமிலத்தில் கழுவும்போதோ, மின்முலாம் பூசும்போதோ, பிறகு துருப்பிடிக்கும்போதோ உள்ளே போகும் ஹைட்ரஜன் அணுக்கள், இழுபட்டு நிற்கும் போல்ட்டை உள்ளிருந்தே நொறுங்கவைக்கும். இறுக்கிய அன்று ஒன்றும் தெரியாது. சில நாட்களிலோ வருடங்களிலோ எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் முறியும்.

இது ஏட்டுப் பயம் இல்லை. 2013 மார்ச்சில் சான் பிரான்சிஸ்கோ-ஓக்லாந்து பே பாலத்தின் புதிய கிழக்குப் பகுதியில், கால்வனைஸ் செய்த 3 அங்குல விட்டமுள்ள உயர்வலிமை நங்கூரத் தண்டுகள் 96-ல் 32 இறுக்கிய சில நாட்களிலேயே முறிந்தன. 2014 நவம்பரில் லண்டனின் லீடன்ஹால் கட்டடத்தில் பெரிய போல்ட்கள் உடைந்தபோதும் காரணம் ஹைட்ரஜனால் வந்த நொறுங்குதன்மை என்றே அறிவிக்கப்பட்டது. ஜப்பானில் 1970-களில் பாலங்களில் போட்ட எஃப்11டி தர போல்ட்கள் இப்படித் தாமதமாக முறியத் தொடங்கியதால் அந்தத் தரத்தையே கைவிட்டு, ஒரு படி கீழே எஃப்10டி-யில் நின்றுகொண்டார்கள். வலுவை ஏற்றிப்பார்த்து, வேண்டாம் என்று இறங்கி வந்த அனுபவம் அது.

எனவே, வெளியில் நிற்கும் கட்டமைப்புக்குக் கால்வனைஸ் வேண்டுமென்றால் 8.8-ன் பக்கம் கை ஓங்குகிறது. ஏ490 போல்ட்டைச் சூடான துத்தநாகத்தில் முக்கிக் கால்வனைஸ் செய்ய அமெரிக்க விதி தடை போடுகிறது, துத்தநாகச் செதில் பூச்சுகளைத்தான் அனுமதிக்கிறது. ஐரோப்பாவில் 10.9 எச்வி போல்ட்கள் (முன்னிழுப்பு கொடுக்கும் ஒரு வகை) கால்வனைஸ் செய்தே பரவலாகப் பயன்படுகின்றன, ஆனால் உற்பத்தியாளரே முழு செட்டாக, கட்டுப்பாட்டோடு செய்து தருவது அது. கறுப்பு 10.9 வாங்கி அருகிலிருக்கும் முலாம் பட்டறையில் கொடுத்து வாங்கலாம் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். கால்வனைஸ் போல்ட்டின் நட்டு மரையைச் சற்று அகலமாகக் கடைந்து, மசகு போட்டிருப்பார்கள். எந்தத் தரமானாலும் நட்டும் போல்ட்டும் ஒரே செட்டாக வர வேண்டும் என்பது அதனால்தான்.

துருப்பிடிக்காத ஸ்டெயின்லெஸ் போல்ட்டை அழகுக்காகவும் கடலோரத்துக்காகவும் கேட்பவர்கள் உண்டு. இறுக்கும்போது மரை ஒன்றோடொன்று ஒட்டிப் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு, மசகு இல்லாமல் முயன்றால் பாதியில் சிக்கும். சாதாரண இரும்போடு ஈரத்தில் சேர்ந்தால் இரும்பு முந்தித் துருப்பிடிக்கும்.

மற்ற போட்டியாளர்கள்

ரிவெட்டின் இடத்தை உயர்வலிமை போல்ட் பிடித்த கதை சுவையானது. போதுமான அளவு இறுக்கினால் போல்ட் போட்ட இணைப்பு வழுக்காது என்று 1934-லேயே பிரிட்டனில் பாத்தோவும் பேட்மனும் சோதித்துச் சொன்னார்கள். அமெரிக்காவில் 1947-ல் இதற்கென ஒரு ஆய்வுக் குழுமம் அமைந்து, 1951-ல் முதல் விதிமுறை வெளிவந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில், உலையில் சூடாக்கி, எறிந்து, பிடித்து, அடிக்கும் ரிவெட் குழுக்கள் மறைந்துபோயின. பழைய கட்டமைப்பில் ரிவெட்டைக் கழற்றி மாற்ற வேண்டியிருந்தால், இறுக்கி முன்னிழுப்பு கொடுத்த போல்ட்தான் இயல்பான மாற்று. பழைய துளை கோணல்மாணலாக இருக்குமிடத்தில், போல்ட் தலையில் உள்ள சிறு துளை வழியே எபாக்சி பிசினைச் செலுத்தி இடைவெளியை நிரப்பும் இஞ்செக்ஷன் போல்ட் நெதர்லாந்தின் பழைய பாலங்களில் நன்றாகவே பயன்பட்டிருக்கிறது. இறுக்கம் சார்ந்த உராய்வும் வேண்டாம், நகர்வும் வேண்டாம் என்றால் அது ஓர் அருமையான நடுவழி. பிசின் இறுகும் வரை பொறுமை வேண்டும்.

கடைசல் செய்து துளைக்குள் இடைவெளியே இல்லாமல் பொருத்தும் ஃபிட் போல்ட்டும் நகர்வைத் தடுக்கும். ஆனால் தகடுகளைச் சேர்த்து வைத்தே துளையைத் துல்லியமாகக் கடைய வேண்டும். சில இணைப்புகளுக்கு மட்டும் சரி.

பெட்டிக்குழாய் தூணில் உள்ளே கைவிட்டு நட்டைப் பிடிக்க முடியாது. அங்கே ஒரு பக்கத்திலிருந்தே விரிந்து பிடிக்கும் பிளைண்ட் போல்ட் வேண்டும். விலை கூடுதல், துளை பெரிது, பலத்துக்கு உற்பத்தியாளரின் சோதனை எண்களைத்தான் நம்ப வேண்டும். வேறு வழியில்லாத இடத்துக்கான தேர்வு. அதிர்வு ஓயாத இடத்துக்கு, காலரை நசுக்கிப் பூட்டும் லாக் போல்ட் ஒரு முறை இறுக்கினால் கழலாது. கழற்றவும் முடியாது, அறுத்துத்தான் எடுக்க வேண்டும்.

ஐரோப்பிய முன்னிழுப்பு போல்ட்களில் எச்ஆர், எச்வி என்று இரண்டு குடும்பங்கள் இருப்பதையும் கவனிக்க வேண்டும். எச்ஆர் போல்ட்டில் நட்டு தடிமன், மரை நீளம் அதிகம், அளவுக்கு மீறி இறுக்கினால் தண்டு நீண்டு எச்சரிக்கும். எச்வி-யில் நட்டு மெல்லியது, மரை குறைவு, மீறினால் மரை உரிந்துவிடும். இரண்டும் சரியான போல்ட்கள். ஒன்றின் நட்டை மற்றதில் போடுவதுதான் தவறு. அனுபவம் குறைந்த குழு இறுக்கப்போகிறது என்றால் எச்ஆர் கொஞ்சம் மன்னிக்கும் குணமுள்ளது.

வரைபடத்தில் எழுதும்போது

இத்தனையும் யோசித்து முடித்தபின் பலரும் "8.8 போல்ட்" என்று மட்டும் எழுதி விட்டுவிடுகிறார்கள். அளவு, தரம், பேரிங்கா உராய்வுப் பிடிப்பா, மரை வெட்டுத் தளத்தில் வரலாமா, பூச்சு என்ன, முன்னிழுப்பு உண்டென்றால் எந்த முறையில், தொடு பரப்புக்கு என்ன செய்ய வேண்டும், இவ்வளவும் வேண்டும். முன்னிழுப்பு தேவையில்லாத இடத்தில் "தேவையில்லை" என்றும் எழுதுங்கள். இல்லையென்றால் சைட்டில் யாராவது அக்கறையாக எல்லா போல்ட்டையும் டார்க் போட்டுக்கொண்டிருப்பார்கள், அல்லது சோதிக்க வருபவர் எல்லாவற்றுக்கும் டார்க் பதிவேடு கேட்பார்.

ஒரு வேலைக்குள் 8.8-ம் 10.9-ம் இரண்டும் தவிர்க்க முடியாதென்றால் அளவைப் பிரித்துவிடுங்கள், எம்20 எல்லாம் 8.8, எம்24 எல்லாம் 10.9 என்று. அப்போது தவறான போல்ட் துளைக்குள் போகவே போகாது, அல்லது லொடலொடவென்று ஆடிக் காட்டிக்கொடுத்துவிடும். தலையில் எண்ணோ தயாரிப்பாளரின் குறியோ இல்லாத போல்ட்டை எந்தத் தரமாகவும் ஏற்க வேண்டாம். கழற்றிய போல்ட்டைத் திரும்பப் போடலாமா என்ற கேள்வி சைட்டில் கட்டாயம் வரும். பேரிங் வகையில் கைக்கு இறுக்கமாக மட்டும் போட்டிருந்தால் பரவாயில்லை. முழு முன்னிழுப்பு கொடுத்த பிறகு கழற்றியது என்றால், ஏ490-ம் கால்வனைஸ் செய்ததும் முனை உடையும் வகையும் குப்பைக்குத்தான். பூச்சில்லாத ஏ325-ஐ மட்டும் வடிவமைப்பாளர் ஒப்புக்கொண்டால் மீண்டும் போடலாம், அதுவும் நட்டு கையாலேயே மரை முழுக்க ஓடினால்.